எண்ணெய் வைக்காத தலை

இராசமலரின் முகத்தை டொக்டர் பார்த்தது ஒரே ஒரு தரம்தான். அதுவும் மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டுவதற்கு முன்னம். மாட்டிய பிறகு அவர் பார்த்ததெல்லாம் அவளின் புருஷன் சிற்றம்பலத்தை. எவ்வளவு காலமாக இருக்கிறது என்று சிற்றம்பலத்தைக் கேட்டார். சாப்பாடு செமிக்கிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா என்றும் சிற்றம்பலத்தைத்தான் கேட்டார். பரு என்னவோ சிற்றம்பலத்தின் கன்னத்தில் வந்தது மாதிரியும், இராசமலர் அவனுக்குத் துணையாக வந்து கதிரை விளிம்பில் குந்தியிருப்பவள் மாதிரியும் இருந்தது. சிற்றம்பலம் நல்ல மனுசன்தான். வயலில் எந்த வரம்பில் எந்த எலி வளை தோண்டியது என்று சொல்லுவான். பெண்சாதியின் முகத்தில் எது எப்போது வந்தது என்று அவனுக்கு என்ன தெரியும்? "இப்ப கொஞ்சக் காலமாத்தான், ஐயா" என்றான். கொஞ்சக் காலம்! பதினாலு வயதில் தொடங்கியது. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று.

"இது வயசுக் கோளாறு. ஒரு பிள்ளை பிறந்தால் தன்ரைபாட்டிலை போயிடும்" என்றார் டொக்டர், சிற்றம்பலத்துக்கு.

"மூண்டு பிறந்திட்டுது, ஐயா" என்றாள் இராசமலர்.

டொக்டர் சிரித்தார். "அப்ப நாலாவதோடை போகும்." சிற்றம்பலமும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தான். அவள் விடவில்லை. வெள்ளத்துக்குள் ஊர்ச்சனம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தபோது தன் முகம் தானாக ஆறியது, அது ஏன் என்று கேட்கத்தான் வந்தேன் என்று தொடங்கினாள். "ஐயா, ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கை நாங்கள் பள்ளிக்கூடத்திலை..." அவ்வளவுதான். "மருந்து தருவினம், போத்தில் கொண்டு வந்தனீங்களோ? அடுத்த ஆள்!" என்று டொக்டர் மணியைத் தட்டிவிட்டார். போத்தில் கொண்டு வந்திருந்தாள். வெறும் போத்தில் இல்லாமல் அரசாங்க ஆசுபத்திரிக்கு யார் போகிறார்கள்? அவளுக்கு முன்னால் நின்ற இருமல்காரக் கிழவருக்கு எந்தச் சாடியிலிருந்து ஊற்றினார்களோ அதே சாடியிலிருந்து அவளுக்கும் ரோசா நிறத் தண்ணீரை ஊற்றித் தக்கை அடித்துக் கொடுத்தார்கள். இருமலுக்கும் பருவுக்கும் ஒரே மருந்து! இதற்காகவா விடியற்காலம் எழும்பிக் கண்டி றோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்தாள்?

பஸ் பிடித்து வந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி யோகலிங்கத்துக்குக் கலியாணம். பெண் வீடு தண்ணீரூற்று என்கிற ஊரில். மாப்பிள்ளைக்குத் தோழியாக நிற்கிறவள் அவனுடைய கலியாணம் முடித்த சகோதரி. காரில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து போகிறவளும் அவள்தான், மணவறையில் பின்னால் நின்று தாலிக்கொடியின் திருகுச் சுரையைப் பூட்டிவிடுகிறவளும் அவள்தான். கேட்டுப் பெறுகிற இடமில்லை, பிறந்த உரித்து. அதிலும் இராசமலருக்கு அது இரட்டை உரித்து. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வேலணையிலிருந்து குடும்பம் கனகராயன்குளத்துக்கு வந்தபோது யோகலிங்கம் இடுப்பில் ஏற்றுகிற பிள்ளை. தகப்பன் காடு வெட்டினார், தாய் கமலாசனி சாம்பல் அள்ளினாள், தம்பியைத் தூக்கித் திரிந்தது இவள். அவனுக்கு நடுக்கல் காய்ச்சல் வந்த மாரியில் சாக்கையும் தன் பாவாடையையும் போர்த்தி அவனை மடியில் வைத்திருந்ததும் இவள்தான். தகப்பன் போன பிறகு அவனைப் படிக்க விட்டு வயலில் இறங்கியதும் இவள்தான். இன்றைக்கு அவன் நீர்ப்பாசனக் கந்தோரில் வெள்ளைக் காற்சட்டை போடுகிறான் என்றால் சும்மா வந்ததில்லை.

கலியாணப் பதிவு எழுத்து அன்றைக்குத் தண்ணீரூற்றில் பெண்ணின் மாமி விமலேஸ்வரி இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பலகாரத் தட்டை நீட்டும்போதுகூட விரல் படாமல் நீட்டினாள். கிழமை கழியவில்லை, கலியாணம் பேசி வைத்த செல்வநாயகத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

"பிழையா எடுக்காதேங்கோ. நான் சொல்லேல்லை, அவை சொல்லி விட்டவை. இந்தத் தங்கச்சியின்ரை முகத்திலை கிடக்கிறது ஏதும் தொத்து வருத்தமோ எண்டு அவைக்கு ஒரு யோசினை. முல்லைத்தீவிலை இருந்து படம் எடுக்கவும் ஆள் வருகுதாம். படம் எண்டால் காலத்துக்கும் கிடக்குமெல்லே? ஆரும் ஒண்டுவிட்ட சகோதரம் நிண்டால் நல்லதாம்."

இராசமலர் தாயைப் பார்த்தாள். இப்போது ஏசுவாள், செல்வநாயகத்தாரின் சைக்கிளோடு சேர்த்து ஏசித் துரத்துவாள் என்று பார்த்தாள். கமலாசனி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கென்ன, நாகேஸ் இருக்கிறாள்தானே. சித்தப்பன்ரை பிள்ளையும் சகோதரிதான்" என்றாள். யோகலிங்கம் முற்றத்தில் நின்று தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் செருப்பில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ! தண்ணீரூற்றுக்காரி சொன்னது இராசமலருக்குப் பெரிதாகச் சுடவில்லை, அவள் பிறத்தியாள். பெற்றவளும் தூக்கி வளர்த்த தம்பியும் தனக்காக வாய் திறக்காததுதான் நெஞ்சை எரித்தது. "கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாசம் கிடக்கு. நான் டொக்டரிட்டைப் போறன். மாத்திக்கொண்டு வந்து நான்தான் நிப்பன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

இந்தப் பருவுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. எல்லாருக்கும் அதற்கு ஒரு தவணை தெரியும். பெரியபிள்ளையானால் போகும் என்றார்கள். கலியாணம் முடித்தால் போகும் என்று கண்ணைச் சிமிட்டினார்கள். பிள்ளை பிறந்தால் போகும் என்றார்கள். இனிப் பேரப்பிள்ளை கண்டால்தான் போகுமாக்கும். பரியாரியார் நாடி பிடித்து, உடம்பு முழுக்கச் சூடு என்று சொல்லிப் பத்தியம் போட்டார். நண்டு கூடாது, இறால் கூடாது, கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, மாம்பழம் கண்ணாலும் பார்க்கக் கூடாது. நண்டுக் கறியை அவளே காய்ச்சி, உப்புப் புளி பார்க்கப் பிள்ளையைக் கூப்பிட்டு, புருஷனுக்குப் படைத்துவிட்டுத் தான் புடலங்காயோடு எழும்புவாள். சூடு தணிய எண்ணெய் வேறு. கமலாசனி தன் கையாலேயே மூலிகை போட்டுக் காய்ச்சுவாள். ஒவ்வொரு நாள் காலையும் மகளைப் பிடித்து இருத்தி, உச்சி குளிர ஊற்றித் தேய்த்துவிடுவாள். அது வழிந்து நெற்றிக்கு வரும், கன்னத்துக்கு வரும். அதோடு இராசமலர் தலைக்குச் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலுக்குள் புல்லுப் பிடுங்கப் போவாள். மத்தியானம் துண்டை அவிழ்த்தால் முகமெல்லாம் கொதிக்கும், கட்டி கட்டியாய்ச் சீழ் வைத்து நோகும். நோகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

ஆசுபத்திரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் சிற்றம்பலம் நித்திரையாகிவிட்டான். அவள் யன்னல் பக்கம் இருந்தாள். கண்ணாடியில், ஆட்கள் தலை சாய்க்கிற உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்து கிடந்தது. றோட்டுப் புழுதி முழுக்க வந்து அதில் மட்டும் அப்பியிருந்தது, மற்ற இடம் சுத்தம். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் தன் நெற்றியைத் தொட்டாள். விரல் வழுக்கியது. வெள்ளத்துக்குள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அரசாங்கம் அரிசி கொடுத்தது, கருவாடு கொடுத்தது, தகரத்தில் அடைத்த மீன் கொடுத்தது. பரியாரியார் விலக்கிய கருவாட்டை அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆனால் தலைக்கு வைக்க ஒரு சொட்டு எண்ணெய் ஏது அங்கே? வீடு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. அட, இவ்வளவுதானா! பதினேழு வருசம்! அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. யாரையாவது பிடித்து உலுப்ப வேண்டும் போல ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த நாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த தாயிடம், "எனக்கு இனி எண்ணெய் வேண்டாம்" என்றாள். கமலாசனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கிண்ணத்தை வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள்.

"என்ன கதை கதைக்கிறாய்? எண்ணெய் வைக்காத தலை இழவு வீட்டுத் தலையடி. புருஷன் கல்லுப் போலை இருக்கேக்கை ஆருக்குத் துக்கம் காக்கப்போறாய்?"

"என்ரை முகத்துக்குத்தான் காக்கிறன்" என்றாள் இராசமலர். தேசிக்காயும் சீயாக்காயும் வைத்துத் தலையை முழுகினாள். முகத்தைப் பயற்றம் மாவால் கழுவினாள். அன்றைக்கே நண்டு வாங்குவித்து, தாய்க்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்து, காலைக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டாள். ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் கேட்டார்கள், கடையடியில் கேட்டார்கள். "என்ன மலர், ஆரும் மோசமோ? செத்தவீடோ?" என்று ஒருத்தி உண்மையாகவே அழுகிற முகத்தோடு வந்து கையைப் பிடித்தாள். அற நனைந்தவளுக்குக் கூதல் என்ன என்று இவள் சிரித்துவிட்டுத் தண்ணீர் அள்ளினாள்.

முதலில் நெற்றி ஆறியது. பிறகு புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. மாதம் முடிய, கன்னத்தில் சீழ் வற்றிக் கறுத்த தழும்பும் பள்ளமும்தான் மிச்சம். அதுகள் போகாது. ஆனால் இராத்திரி கன்னத்தைத் தலையணையில் வைத்தால் நோகவில்லை. அந்தச் சுகம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காலை கமலாசனி வெளிச்சத்துக்கு அவள் முகத்தை நாடியில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்தியே! டொக்டரின்ரை மருந்து பிடிச்சிட்டுது!" என்று கையைக் கூப்பினாள்.

"கெட்டிக்கார மனுசன்" என்றான் சிற்றம்பலம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு.

இராசமலருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பை பறந்தது. "அந்தக் கண்டறியாத மருந்தை நான் அண்டைக்கே வாழைக்கெல்லோ ஊத்தினனான்! வாழைக்குப் பரு இருந்திருந்தால் மாறியிருக்கும்!" என்று கத்தினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை. கிழமைக்குள் ஊர் முழுக்க டொக்டரின் கைராசி பரவியது. வேறு இரண்டு பெண்கள் போத்திலோடு பஸ் ஏறினார்கள்.

எப்படியோ, முகம் சரிவந்துவிட்டது, இனி யார் என்ன சொல்ல முடியும் என்றிருந்தாள். கலியாணத்துக்கு முதல்நாள் கமலாசனி எண்ணெய்ப் போத்திலோடு வந்து நின்றாள். பின்னால் நாகேஸ்வரி, புதுச்சேலை மடிப்போடு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"நல்ல காரியத்துக்குக் காஞ்ச தலையோடை போறதே? மாப்பிள்ளைக்குப் பக்கத்திலை இழவுக்காரி மாதிரி நிண்டால் சபை என்ன சொல்லும்? ஒரு நாளைக்குத்தானே, வை பிள்ளை. இல்லையெண்டால் நாகேஸ் நிக்கட்டும்."

"முதல் முகம் எண்டியள். இப்ப தலை எண்டிறியள். நாளைக்கு என்ன சொல்லப் போறியள் அம்மா? காலோ?"

ஒரு நாள் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். எண்ணெய்க்கு அவள் பயப்படவில்லை. இவ்வளவு வருசமும் அவளுடைய தலையில் யார் கை வைத்தாலும் அவளைக் கேட்டு வைக்கவில்லை. டொக்டர்கூட அவளுடைய முகத்தை அவளிடம் கேட்கவில்லை. தானே கண்டுபிடித்த ஒன்றே ஒன்றை, அதையும் ஒரு நாளைக்கு விட்டுக்கொடு என்றால்? "ஏலாது" என்றாள். கமலாசனி அழுதாள். இராசமலரும் அழுதாள். எண்ணெய் மட்டும் வைக்கவில்லை.

காலையில் வாடகைக் கார் வாழைக்குலை கட்டிக்கொண்டு படலையில் வந்து நின்றது. முழுகித் தலைப்பாகை கட்டிய யோகலிங்கம் பின் சீற்றில் ஏறினான். நாகேஸ்வரியின் தலை மினுமினுவென்று இருந்தது. கமலாசனி அவளைக் கையில் பிடித்துக் கார்க்கதவு வரை கூட்டி வந்துவிட்டாள். அதற்குள் மற்றப் பக்கக் கதவு திறந்தது. இராசமலர் கூறைப்பட்டு சரசரக்க உள்ளே ஏறித் தம்பிக்குப் பக்கத்தில் இருந்து கதவை அடித்துச் சாத்தினாள். காய்ந்த தலைமயிர் காற்றுக்கு நெற்றியில் பறந்தது. யோகலிங்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அதையே பெரிய காரியமாக நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உனக்கு வாய் எப்ப வரும், தம்பி?" என்று கேட்டாள். அவன் பார்வை வழக்கம்போலச் செருப்புக்குப் போனது. தலைப்பாகைக்குக் கீழே ஒரு துளி எண்ணெய் வழிந்து காதோரம் நின்றது. அதைத் தன் லேஞ்சித் துணியால் ஒற்றி எடுத்தாள். சின்ன வயதில் மூக்குத் துடைத்துவிட்ட அதே பழக்கம். சாரதி கண்ணாடியைத் திருப்பி அவளுடைய முகத்தைப் பார்த்தான். "றோட்டைப் பார்த்து ஓட்டும்" என்றாள் இராசமலர்.

தண்ணீரூற்றில் பந்தல் வாசலில் மேளம் உச்சத்தில் நின்றது. படம் எடுக்க வந்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். பெண்ணின் தமையன் மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். ஆரத்தித் தட்டோடு வந்தது விமலேஸ்வரிதான். மாப்பிள்ளைக்குச் சுற்றினாள், குங்குமத்தைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள். அடுத்தது தோழிக்கு. விமலேஸ்வரி நிமிர்ந்தாள். அவள் கண் இராசமலரின் கன்னத்துத் தழும்பில் நின்றது, அங்கிருந்து வறண்ட தலைக்குப் போனது, திரும்பவும் தழும்புக்கு வந்தது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இராசமலர் தலையைக் குனியவில்லை. நெற்றியில் பறந்த மயிரை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெயிலுக்கு நேரே, இன்னும் ஒரு சாண் முன்னுக்கு நீட்டினாள். குங்குமம் தொட்ட விமலேஸ்வரியின் விரல் அந்தரத்தில் நின்றது.