காயம் பட்டபோது விரல் இருந்த நிலை

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கோடிங் பிரிவில் இருந்தவர்கள் யாரும் அந்த டாக்டரம்மாவை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: புராணம்.

கீழ்த்தளத்தில் சின்னக் காயங்களுக்கென்று ஓர் அறை. அங்கே டாக்டர்கள் எழுதுவதைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் பில்லுக்கும் காப்பீட்டுக்கும் வேண்டிய குறியீட்டைப் போடுவது மாடியில் இருப்பவர்களின் வேலை. வலதா இடதா, கிழிசலா சிராய்ப்பா, நீளம் எவ்வளவு, உள்ளே கண்ணாடியோ மண்ணோ தங்கியிருக்கிறதா, தையல் ஓரடுக்கா ஈரடுக்கா. ஒன்று விட்டுப்போனாலும் குறியீடு போட முடியாது. மற்ற டாக்டர்கள் 'கையில் வெட்டு, தையல் போட்டாச்சு' என்று முடித்துக்கொள்வார்கள். எந்தக் கை என்று கேட்டு அனுப்பினால், ரெண்டு நாள் கழித்து 'நோயாளியின் கை' என்று பதில் வரும்.

புராணம் அப்படியில்லை. சுண்டுவிரல் கீறலுக்கும் முக்கால் பக்கம் எழுதுவார். படித்தால் காயம் கண்முன்னால் வந்து நிற்கும்.

"இவங்க எழுதினதைப் படிக்கிறதுக்குள்ள புண்ணே ஆறிடும்க்கா" என்பாள் பக்கத்து சீட்டுக்காரி.

"ஆறட்டும். ஒரு தடவையாவது நாம சந்தேகம் கேட்டு அனுப்பியிருக்கோமா?" என்பாள் பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி என்பது அந்தப் பிரிவில் அவளுக்கு விழுந்த பெயர். புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பவள். புராணம் எழுதியதைப் படிப்பதில் அவளுக்குத் தனி ருசி. ஆனால் அதில் ஒரு வரி மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு கைக்காயத்திலும் அது இருக்கும்: 'காயம் பட்டபோது விரல்கள் மடங்கிய நிலை' அல்லது 'நீட்டிய நிலை'. அதற்கென்று குறியீடே கிடையாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிற பழக்கம் போலிருக்கிறது என்று அதைத் தாண்டிப் போய்விடுவாள்.

அவள் கணவர் சலூன் வைத்திருந்தார். வார விடுமுறை நாளில் சமையலறையில் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தவர், கை உள்ளே இருக்கும்போதே அது உடைந்ததும் 'ஸ்ஸ்' என்றார். அவள் ஓடிவந்து பார்த்தாள். வலது கை மோதிர விரலின் அடியில் ஒரு வெட்டு. நகத்தின் அகலம்கூட இல்லை. ரத்தமும் அவ்வளவாக இல்லை.

"ஒரு பிளாஸ்திரி போட்டா போதும். தினம் ஷேவிங்ல இதைவிடப் பெரிசா பார்க்கிறவன் நான்."

"அது அடுத்தவங்க கன்னம். கிளம்புங்க."

அவள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், காயத்துக்கான அறையில் குள்ளமாக, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். விரலில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்ததும் அவர் காயத்தைக்கூட சரியாகப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே, "நீங்க எந்தக் கைப் பழக்கம்?"

பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி, "என்ன தொழில்?" அதற்கடுத்தது, "வெட்டினது எது, சுத்தமா அழுக்கா?" அவள் வருஷக்கணக்காகப் படித்துவந்த வாக்கியங்கள் அதே வரிசையில் கேள்விகளாக வந்துகொண்டிருந்தன. பெயர்ப் பலகையைப் பார்க்கவே தேவையில்லை. புராணம்தான்.

பஞ்சைத் திரித்து விரலின் இரண்டு பக்கத்திலும் தொட்டார். "கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க. எங்க தொடறேன்? பக்கத்து விரல் மாதிரியே இருக்கா, மரத்த மாதிரி இருக்கா?" பிறகு நுனிக்கணுவை மட்டும் மடக்கச் சொன்னார். பிறகு தன் விரலால் எதிர்த்து அழுத்தியபடி மடக்கச் சொன்னார். சலூன்காரர் மடக்கினார். மடங்கியது. ஆனால் முகம் சற்றே சுருங்கியது.

'நரம்பு பாதிப்பு இல்லை. தசைநாண் பாதிப்பு இல்லை.' எத்தனையோ தடவை கண்ணை ஓட்டிவிட்டுப் போன சொற்கள். ஒவ்வொரு 'இல்லை'யையும் இந்த அம்மா இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் சம்பாதித்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டார், கழுவினார், விளக்கைக் கிட்டே இழுத்து உள்ளே பார்த்தார். விரலை மடக்குகிற நாண் வெள்ளையாகத் தெரிந்தது. வழவழவென்று முழுசாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லல்ல டாக்டர்? நாளைக்குக் கடை திறக்கணும்" என்றார் சலூன்காரர்.

"இருங்க. ஜாடி உடைஞ்சப்ப கை எப்படி இருந்தது? விரிச்சா, இறுக்கிப் பிடிச்சா?"

"ஜாடிக்குள்ள கையை விட்டுத் தேய்ச்சிட்டிருந்தேன். தேய்க்கிற பஞ்சை இறுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"அதே மாதிரி மெதுவா மடக்குங்க."

அவர் மடக்க மடக்க, காயத்தின் வாய்க்குள் நாண் நகர்ந்தது. இதுவரை மறைந்திருந்த பகுதி வெளியே வந்தது. அதில் குறுக்கே ஒரு வெட்டு. பாதிக்கு மேலேயே அறுந்திருந்தது.

"கை நீட்டியிருந்தா இது தோலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கும். மடக்கினா, வெட்டு பட்டப்ப எங்க இருந்ததோ அந்த இடத்துக்கு வரும்" என்று டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்.

"தையலைப் போட்டு அனுப்பியிருந்தா?" என்று பூதக்கண்ணாடி கேட்டாள்.

"கொஞ்ச நாள் ஓடியிருக்கும். கத்தரியை அழுத்திப் பிடிக்கிற ஒரு நாள் பட்டுன்னு போயிருக்கும். இவருக்கு அந்த விரல்தானே கத்தரி வளையத்துக்குள்ள போற விரல்."

சலூன்காரர் அப்போதுதான் தன் விரலைப் பயத்தோடு பார்த்தார்.

அன்றைக்கே கை அறுவை டாக்டர் நாணைத் தைத்தார். "கீழ யாரு பார்த்தது? இதைக் கண்டுபிடிக்கிறது லேசில்லை" என்று அவரே சொன்னார்.

மறுநாள் கணவரின் கேஸ் அவள் கணினிக்கே வந்தது. சொந்தக்காரர் கேஸைத் தொடக்கூடாது என்பது விதி. பக்கத்து சீட்டுக்காரிக்குத் தள்ளிவிட்டாள். வாங்கியவள் முக்கால் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். வெறும் தோல்காயத்துக்கான குறியீட்டைத் தாண்டி, நாண் காயத்துக்கான குறியீட்டுக்குப் போனாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, "அக்கா, இனிமே அவங்களை டாக்டரம்மான்னே சொல்லலாம்" என்றாள்.

"நான் நேத்தே ஆரம்பிச்சுட்டேன்."

சாப்பாட்டு இடைவேளையில் பூதக்கண்ணாடி கீழே போனாள். தான் யாரென்று சொல்லி, இத்தனை வருஷமாக அவர் எழுதுவதைப் படிப்பதையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"யாராவது படிக்கிறாங்களான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்" என்றார். "நீளமா இருக்குன்னு மேல புகார் உண்டே?"

"இருந்தது டாக்டர்."

அவர் சிரித்தார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

கைக்கட்டும் விரல் பயிற்சியுமாகப் பல வாரங்கள் போயின. அதுவரை கடையை மச்சான் பார்த்துக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருந்த சலூன்காரர், தெருவில் போகிறவர்களின் தலையையெல்லாம் குறை சொல்லியே பொழுதைப் போக்கினார். ஒருவழியாக டாக்டர் சரி என்றதும், முதலில் யார் தலையில் கை வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. அவள் அப்பா தானாக முன்வந்தார்.

"என் தலைல கெடறதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை? வாங்க."

காதோரம் மிச்சமிருந்த நாலு முடியைச் சலூன்காரர் அரைமணி நேரம் வெட்டினார். கத்தரி நிற்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவோரம் நின்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நடுவில் தூங்கிப்போனார்.