கல்யானையும் பொடி எழுத்தும்

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வரும் விளக்கப் புத்தகத்தைப் படிக்கமாட்டார். கை வைத்தால் தெரிந்துவிடும் என்பார். லிஃப்ட் விஷயத்தில் அது உண்மைதான். மற்ற விஷயங்களுக்கு அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

மனைவி நேர் எதிர். மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும் எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவள். ஷாம்பு பாட்டிலைக்கூடப் படித்த பிறகுதான் தலையில் கவிழ்ப்பாள்.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பீரோ. அதில் பாதிக்கு மேல் அவருடைய விளையாட்டுக் கார்டுகள், பதினோரு வருடச் சேர்ப்பு. வீரன், மிருகம், மந்திரம் என்று படம் போட்ட கார்டுகளை இறக்கி மோதவிட்டு, எதிராளியின் இருபது புள்ளியை யார் முதலில் காலி செய்கிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் ஆட்டம். போன மாதம் அவள் துண்டை உருவப்போக, மேல்தட்டிலிருந்த ஒரு பெட்டி அவள் கால் கட்டைவிரலில் இறங்கியது. அன்று சாயங்காலம் மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"புது செட்டுக்குப் போட்டி வருதில்ல, அதுல ஒரு ஆட்டமாவது ஜெயிங்க. ஒண்ணுகூட ஜெயிக்கலைன்னா கார்டெல்லாம் வெளிய போகுது. மீதியெல்லாம் இதுல எழுதியிருக்கேன். படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க."

'வெளிய போகுது' என்றதுமே அவர் பதறிப்போனார். பதறிய மனுஷன் எங்கே படிப்பான்? பதறாவிட்டாலும் படித்திருக்கமாட்டார் என்பது வேறு விஷயம். கையெழுத்தைப் போட்டார். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். ஒரு மாதமாக நாளைக்குப் பத்து தடவை அந்தக் கதவைத் திறந்தார், தண்ணீர் குடித்தார், தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். படிக்க மட்டும் இல்லை.

புதுக் கார்டுகள் வெளியாகும்போது நடக்கும் இந்தப் புது செட் போட்டிகளில் அவருடைய சரித்திரம் அப்படி. இதுவரை நாலு போட்டி, நாலிலும் மண்ணைக் கவ்வியவர். அங்கே வீட்டிலிருந்து கார்டு கொண்டுபோக முடியாது. ஆளுக்கு ஆறு பாக்கெட் தருவார்கள். உட்கார்ந்த இடத்தில் பிரித்து, அதற்குள்ளிருந்து நாற்பது கார்டில் ஒரு கட்டு சேர்த்து ஆட வேண்டும். இந்தத் தடவை அவர் சும்மா போகவில்லை. செட் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பே யாரோ இணையத்தில் கசியவிட்டிருந்த, எந்தக் கார்டு என்ன செய்யும் என்ற பட்டியலை மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உட்கார்ந்து ஒப்பித்தார். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு நாள் சொன்னார்.

போட்டியன்று அவரைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியவள் மனைவிதான். "ரிசல்ட்டைக் கண்ணால பாக்கணும்" என்று சொல்லி, கார்டுக் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏழுன்னா ஒவ்வொரு சுத்துலயும் ஒருத்தர் சும்மா உக்காரணுமே."

நம் ஆளுக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கியது. "ஏம்மா, நீ வேணா ஒக்காரேன். எட்டு ஆயிடும். பாவம், வந்தவங்க எதுக்கு வெட்டியா இருக்கணும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"எல்லாம் கார்டுலயே எழுதியிருக்கும்மா!" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

அவருடைய நாலாவது பாக்கெட்டில் கல்யானை வந்தது. செட்டிலேயே பெரிய கார்டு. படத்தைப் பார்த்ததே போதும், எழுத்துப் பக்கம் அவர் போகவில்லை. இது இறங்கினால் எதிராளியின் மிருகங்கள் மொத்தமும் சாகும். பட்டியலில் அறுபத்தெட்டாவது வரி. முத்தம் கொடுக்காத குறையாகக் கட்டோடு சேர்த்தார். பக்கத்து மேசையில் அவர் மனைவி தன் ஆறு பாக்கெட்டின் தொண்ணூறு கார்டையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கட்டு சேர்த்து, டீ குடித்து, திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் படித்துக்கொண்டிருந்தாள்.

சுற்றுக்கு ஒரு ஆட்டம், மொத்தம் மூன்று சுற்று. முதல் சுற்றில் அவரை ஒரு சலூன்காரர் பத்து நிமிடத்தில் வழித்து அனுப்பினார். இரண்டாவதில் வங்கியில் வேலை பார்க்கும் பெண், மரியாதையாக "சாரி அங்கிள்" என்று சொல்லிச் சொல்லியே அடித்தாள். கல்யானை இரண்டிலும் கட்டின் அடியில் படுத்துக்கொண்டு வரவே இல்லை. அவர் மனைவியும் இரண்டும் தோற்றிருந்தாள். முதலாவது ஆட்டம் கற்றுக்கொள்வதில் போனது, இரண்டாவது ஒரே ஒரு புள்ளியில்.

கடைசிச் சுற்றுக்குக் கடைக்காரர் ஜோடி சேர்த்தார். "அடியில இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான். புருஷனும் பொண்டாட்டியும் ஆடுங்க." பிறகு சிரித்தார். "அண்ணே, அக்காவை நீங்க உக்கார வைக்காம இருந்திருந்தா ஏழு பேர். கடைசியில இருக்கறவருக்கு இந்தச் சுத்து ஆடாமயே ஜெயிப்பு. அதாவது உங்களுக்கு."

சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். வைத்துக்கொள்வது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் தைரியம் போகவில்லை. காலையில்தான் ஆட்டம் கற்றவள், இவளிடம் கூடவா தோற்பேன்?

ஆட்டம் அவர் பக்கமே போனது. அவளுக்கு மூன்று புள்ளி, இரண்டு நரி. அவருக்கு ஐந்து புள்ளி, ஐந்து வீரர்கள். ஒரு நரி ஒரு வீரனைத்தான் மறிக்கும். ஐந்து பேரையும் ஏவியிருந்தால் இருவர் நின்றுபோய், மூவர் ஆளுக்கொரு புள்ளி அடித்து, ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கையில் வந்து சேர்ந்தது கல்யானை.

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு நிமிடம் அவருக்கு வாய்த்ததில்லை. சலூன்காரர் பார்க்கிறார், வங்கிப் பெண் பார்க்கிறாள். சாதாரணமாக ஜெயித்தால் போதுமா? மேசையில் ஓங்கி அறைந்து யானையை இறக்கினார். "நரி ரெண்டும் க்ளோஸ்!"

"கொஞ்சம் குடுங்க" என்று அவள் கார்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். படித்தாள். மறுபடி படித்தாள். "ஏங்க, 'மேசையிலுள்ள மற்ற எல்லாம்'னு போட்டிருக்கு. என்னோடது மட்டும்னு இல்லையே. உங்க அஞ்சு பேரும் சேர்த்துதான்."

"பட்டியல்ல அப்படி இல்லம்மா!"

வங்கிப் பெண்ணும் "ஆமா, எதிராளியோடது மட்டும்தானே?" என்றாள். அவளும் அதே பட்டியலை ஒப்பித்தவள். கடைக்காரர் வந்து கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அச்சடிச்சதுதான் சட்டம். அக்கா சொல்றது சரி."

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்த யானை அவர் தலையில் போட்டது. ஐந்து வீரர்களும் போனார்கள். இறங்கிய உடனே யானையால் அடிக்க முடியாது. அடுத்து அவள் ஒரு மந்திரத்தைப் படித்துவிட்டு யானையைத் தூங்கவைத்தாள்; ஒரு முயலை இறக்கினாள். முயல் தடவைக்கு ஒரு புள்ளியாகக் கொறித்தது. அவர் கைக்கு உருப்படியான கார்டே வரவில்லை. ஐந்தாவது கொறிப்பில் ஆட்டம் முடிந்தது. சலூன்காரர் கைதட்டினார். அவள் வெட்கத்தோடு முயலைத் தடவிக்கொடுத்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவருக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில் கார்டுக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். உள்ளே கொஞ்சம் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். சொன்ன சொல் சொல்தான். ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து வாசலோரம் அடுக்கினார். ஏழாவது பெட்டியோடு வந்தபோது அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"எதுக்குங்க வாசல்ல வைக்கறீங்க?"

"வெளிய போகுதுன்னுதானே சொன்ன? பழைய பேப்பர்காரனுக்குப் போடறியோ, யாருக்குக் குடுக்கறியோ, எங்கிட்ட சொல்லாதே."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். "ஒரு மாசமா நீங்க இப்படியா நெனச்சுட்டு இருந்தீங்க? அந்தத் தாளை எடுத்துப் படிங்க."

ஃபிரிட்ஜிலிருந்து தாளை எடுத்தார். முதல்முறையாகப் படித்தார். 'ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் கார்டுகள் பீரோவிலேயே இருக்கலாம். ஒன்றும் ஜெயிக்காவிட்டால் எல்லாம் பீரோவை விட்டு வெளியேறி, கூடத்தில் நான் வாங்கி வைக்கப்போகும் கண்ணாடி அலமாரிக்குப் போக வேண்டும்.'

கண்ணாடி அலமாரி! கூடத்தில்! வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி! தோற்கத்தான் தவம் கிடந்திருக்க வேண்டும். ஜெயித்திருந்தால் பாழாகியிருக்கும். சந்தோஷத்தில் அவருக்கு மறுபடி அழுகை வந்தது, இந்தத் தடவை ஹெல்மெட் இல்லை.

"கடைசி வரியையும் படிச்சுடுங்க" என்றாள் அவள், பாத்திரத்தைக் கழுவியபடி.

அடியில், கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: 'அலமாரியில் மேல் இரண்டு தட்டும் எனக்கு.' விரல் பட்டதும் காயாத மை ஈஷிக்கொண்டது.

"ஏம்மா, இது முன்னாடி இதுல இல்லையே!"

அவள் குழாயை மூடினாள்.

"முன்னாடி என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"