எண்ணெய்க் கை

என்ஜினீயரைத் தேடி உலகம்மை குற்றாலத்துக்கே போகவேண்டியதாயிற்று.

மெயின் அருவிக்குப் போகும் வழியில், கடைகளுக்குப் பின்னால் வரிசையாகக் கல் பலகைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆண்பிள்ளை இடுப்புத் துண்டோடு எண்ணெயில் ஊறிக் கிடந்தான். சாரல் வேறு. எண்ணெயும் சீயக்காயும் சேறும் கலந்து தரை வழுக்கியது. உலகம்மை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னா கிடக்காரு பாருங்க, மூணாவது கல்லு," என்றார் மில் கார் டிரைவர் கிதிர் முகம்மது. "மசாலா தடவி ஊறவச்ச மாதிரி."

மூணாவது கல்லில் கிடந்தவர் அனந்தநாராயணன். மில்லுக்கு கம்ப்யூட்டர் விற்ற சென்னைக் கம்பெனியின் என்ஜினீயர்.

தென்காசியில் உள்ள ஸ்ரீ குழல்வாய்மொழி நூற்பாலைக்கு 1988 ஆனியில் ஒரு யூனிக்ஸ் மெஷின் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் அறையில் பெரிய பெட்டி ஒன்று, தனக்கென்று ஒரு திரையும் கீபோர்டுமாக. ஸ்டோர்ஸ், சம்பளப் பிரிவு, கிடங்கு, மேனேஜர் அறை என்று நாலு இடத்துக்கு, அந்தப் பெட்டியோடு கம்பியால் இணைத்த நாலு டெர்மினல். பெட்டிக்கு உயிர் இருந்தது. டெர்மினல்கள் மட்டும் இருட்டாகக் கிடந்தன. அவற்றை எழுப்பத்தான் கம்பெனி அனந்தநாராயணனை அனுப்பியது. சாரல் தொடங்கியதும் வந்தவர், ஆடி பிறந்தும் போகவில்லை. லாட்ஜ், சாப்பாடு, கார், எண்ணெய், எல்லாம் மில் செலவு.

உலகம்மை கடையத்துப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமா படித்திருந்தாள். மெஷினைப் பார்த்துக்கொள்ள அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். நாலு டெர்மினலும் ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீடு என்றால் பீடித்தட்டு. அம்மாவும் அக்காவும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சார், வெள்ளிக்கிழமை முதலாளி வருதாங்க."

அனந்தநாராயணன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னம்மா இது, இங்கேயே வந்துட்டே? ஆம்பளைகள் எண்ணெய் தேய்ச்சுக்கற இடம்."

"நீங்க மில்லுக்கு வந்தா நான் எதுக்கு இங்கன வாரேன்? ரூட் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க சார். மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

யூனிக்ஸில் யார் யாரோ உள்ளே வரலாம். ஆனால் எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் ரூட் என்ற ஒரே பெயருக்குத்தான். அந்தப் பெயருக்கான ரகசியச் சொல்லை என்ஜினீயர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சிரித்தார். தொப்பை குலுங்கியது. மடிப்புகளிலிருந்து எண்ணெய் வழிந்து கல்லில் சொட்டியது. "ரூட் பாஸ்வேர்டு கேக்கறியா? வீட்டுச் சாவியை வேலைக்காரிகிட்ட யாராவது கொடுப்பாளா?"

"வீடு எங்க மில்லோட வீடு சார்."

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க என்ஜினீயரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "சார்வாள் பேசாதீய. பேசினா நரம்பு பிடிச்சுக்கிடும்."

"கேட்டியா? நரம்பு பிடிச்சுக்குமாம்," என்றார் அனந்தநாராயணன். "டெர்மினலை எழுப்பறது லேசுப்பட்ட வேலை இல்லேம்மா. பெரிய கான்ஃபிகரேஷன். மெட்ராஸ்லேர்ந்து ஒரு சர்க்யூட் போர்டு வரணும். நீ போய் தூசி தட்டி வை."

அந்தக் கண் மறுபடி மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் கிதிர் முகம்மது பின் சீட்டைக் காட்டினார். ரெக்சின் முழுக்கக் கறுப்பாக எண்ணெய்த் தடம். "பிழிஞ்சா ஒரு வாரத்துக்குத் தாளிக்கலாம். நீங்க முன்னால உக்காந்தீயளே, தப்பிச்சீய."

மேனேஜர் சிவசைலத்திடம் போய் முறையிட்டாள். அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ரூட்டு தெரியலைன்னா கிதிர்ட்ட கேக்க வேண்டியதான? செங்கோட்டை ரூட்டு, கடையம் ரூட்டு, எல்லாம் அவன் சொல்லுவானே."

"பஸ் ரூட்டு இல்ல சார். மெஷினுக்குள்ள..."

"இங்க பாரு. அவரு மெட்ராஸ்காரரு. பெரிய படிப்பு. நாம கோணலாப் பேசி, அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா இந்தப் பெட்டிய என்ன, கோழி அடைக்கவா? அவருக்கு ராத்திரிக்குப் பரோட்டா போச்சான்னு பாரு."

உலகம்மை மெஷினோடு வந்த தடித்தடிப் புத்தகங்களை ஏற்கெனவே படித்திருந்தாள். டெர்மினலை எழுப்பக் கட்டளை இருந்தது. ரூட்டாக உள்ளே வந்தவர்தான் அதைக் கொடுக்க முடியும் என்றும் அடியில் போட்டிருந்தது. போர்டு எதுவும் வரவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஊகித்துப் பார்த்தாள். அந்த மனிதருக்கு வாயில் வேறு பேச்சே கிடையாது. குற்றாலம், குற்றாலம். அதையே இங்கிலீஷில் அடித்தாள். சரியில்லை என்றது மெஷின். 'டி' ஒன்று போட்டு, இரண்டு போட்டு, 'ஆர்' சேர்த்து, எடுத்து, தனக்குத் தெரிந்த விதமெல்லாம் அடித்தாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். அதோடு விட்டுவிட்டாள்.

புதன்கிழமை எண்ணெய் வாடை முதலில் வந்தது. என்ஜினீயர் பிறகுதான் வந்தார்.

மேலே மலையில் பலத்த மழை. அருவி காட்டு வெள்ளமாக விழுந்ததால் போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்தது. எண்ணெய் தேய்த்து முடித்த பிறகு தடை. லாட்ஜில் பொழுது போகாமல், தேய்த்த எண்ணெயோடே சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார் மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காது மடலில் எண்ணெய் நின்றது. லாட்ஜ் துண்டை நாற்காலியில் விரித்து உட்கார்ந்தார்.

அன்று காலையில்தான் உலகம்மை கழிவுப் பஞ்சால் கீபோர்டை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்து வைத்திருந்தாள்.

"சார், கை..." என்றாள்.

"மூலிகை எண்ணெய்ம்மா. மெஷினுக்கும் நல்லது," என்றார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சும்மா ஒரு தடவை காட்டுங்க சார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால என் மனசு நிம்மதியாயிரும்," என்றார் மேனேஜர்.

அனந்தநாராயணன் ரூட் என்று அடித்தார். பிறகு ரகசியச் சொல்லை அடித்தார். அதை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடக் கூடாது என்று யூனிக்ஸ் செய்த ஏற்பாடு. வேலி அடைத்தது மாதிரி ஒரு குறி திரையில் வந்தது, ரூட் உள்ளே வந்துவிட்டதற்கு அடையாளமாக. "பாத்தேளா? உயிரோட இருக்கு." கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அமுக்கி வெளியே வந்துவிட்டார். அவ்வளவுதான் அன்றைய உத்தியோகம்.

அதற்குள் லாட்ஜிலிருந்து போன். தடையை எடுத்துவிட்டார்களாம். எழுந்து ஓடினார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்கு எதிரேதான் பஞ்சு அடிக்கும் கூடம். கதவு திறந்திருந்தால் பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும் என்று போர்டே எழுதி மாட்டியிருந்தது. உலகம்மை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அறை முழுக்கப் பஞ்சு மிதந்தது.

கீபோர்டைப் பார்த்தாள்.

எண்ணெய் பட்ட எழுத்துகளில் மட்டும் பஞ்சு அப்பியிருந்தது. ஊசிப்போன இட்லியில் பூஞ்சை பிடித்த மாதிரி ஒவ்வொன்றிலும் வெள்ளை மயிர். மற்ற எழுத்துகள் காலையில் அவள் துடைத்தபடி பளிச்சென்று இருந்தன.

பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

பூஞ்சை பிடித்த எழுத்துகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஆர், ஓ, டி. அது ரூட். கன்ட்ரோலும் இன்னொரு டி-யும் வெளியே வந்ததற்கு. மிச்சம் சி, யூ, ஏ, எல், எம்.

சி, யூ, ஏ, எல், எம். என்ன சொல் இது? ஆர், ஓ, டி மறுபடியும் அதில் கலந்திருக்கலாம். கலந்து பார்த்தாலும் ஒன்றும் கூடிவரவில்லை. முதலில் அந்தத் துண்டு வாடையை வெளியேற்றலாம் என்று நாற்காலிக்குப் போனாள். இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். துண்டு விரிந்து தொங்கியது. எண்ணெய்க் கறைக்கு நடுவில், லாட்ஜ் பெயருக்குக் கீழே, இங்கிலீஷில் ஊர்ப் பெயர் அச்சடித்திருந்தது.

சி-யில் ஆரம்பித்தது.

தென்காசிப் பக்கத்தில் பிறந்தவர்கள் குற்றாலத்தை இங்கிலீஷில் கே போட்டுத்தான் எழுதுவார்கள். அப்படித்தான் வாய் சொல்கிறது. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'கோர்ட்டல்லம்' என்று எழுதி வைத்துப் போனான். லாட்ஜ் போர்டிலும் துண்டிலும் வெளியூர்க்காரன் நாக்கிலும்தான் அது இருக்கிறது. உலகம்மை முட்டி மோதிய கதவெல்லாம் கே. கே என்ற எழுத்தில் ஒரு இழை பஞ்சு இல்லை.

நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அடித்தாள். ரூட். பிறகு துண்டில் இருந்தபடி, எழுத்துக்கு எழுத்து.

வேலிக் குறி வந்தது.

அடுத்து புத்தகத்தில் இருந்த கட்டளை. எனேபிள். அதற்குப் பக்கத்தில் டெர்மினலின் பெயர். நாலு டெர்மினலுக்கு நாலு தடவை. ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர், "ஏலே, இங்கன வெளிச்சம் வருதுலே!" என்று கத்தினார்.

உலகம்மைக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு சொல். இந்த ஒரு சொல்லுக்குத்தான் லாட்ஜும் காரும் பரோட்டாவும். இதைச் சொல்லத்தான் அந்த மனிதருக்கு நரம்பு பிடித்துக்கொண்டது. போர்டு வரவேண்டுமாம், போர்டு! அவளுக்கு வாய் கசந்தது. ரகசியச் சொல்லை மாற்றினாள். வெளியே தெரிந்துபோனால் உடனே மாற்றச் சொல்லிப் புத்தகத்திலும் இருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். தன் அறை டெர்மினல் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த முகம்.

"பாத்தியா? பாத்தியாட்டி? காலையில சும்மா கைய வச்சாரு. மத்தியானம் எரியுது. ராசியான கை!"

"சார், நான்தான்..."

"நீ என்ன? பக்கத்துல நின்ன." கிதிர் முகம்மதைக் கூப்பிட்டு, ஒரு கூடை மங்குஸ்தான் பழம் வாங்கி லாட்ஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதலாளி செல்லச்சாமி வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். மேனேஜர் அனந்தநாராயணனை முன்னால் நிறுத்தி, அவர் கை ராசியை விஸ்தாரமாகச் சொன்னார். அனந்தநாராயணனும் அடக்கமாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். டெர்மினல்கள் எப்படி எரிந்தன என்று அவருக்கே தெரியாது என்பதை உலகம்மை மட்டும்தான் அறிவாள்.

"சரி," என்றார் முதலாளி. "இதுக்குள்ள என் பேரையும் ஏத்தும். பாப்போம்."

புதுப் பெயர் ஏற்ற ரூட்டால்தான் முடியும். அனந்தநாராயணன் உட்கார்ந்து அடித்தார். சரியில்லை என்றது. நிதானமாக அடித்தார். சரியில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடித்தார். சரியில்லை.

"வோல்டேஜ் கம்மி சார். உங்க ஊர் கரன்ட் இப்படித்தான்."

"லைட்டு நல்லா எரியுதே," என்றார் முதலாளி.

"அப்போ இந்தப் பொண்ணு ஏதோ நோண்டிட்டா."

"நான்தான் மாத்தினேன்," என்றாள் உலகம்மை. "பழசு வெளிய தெரிஞ்சுபோச்சு. கீபோர்டுலயே எழுதியிருந்துச்சு."

"யாரு எழுதினா?"

"எண்ணெய்."

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். உட்கார்ந்து செல்லச்சாமியின் பெயரை ஏற்றியும் காட்டினாள். ஒரு டெர்மினலை அணைத்து, எனேபிள் என்ற ஒரே கட்டளையை அடித்து மறுபடி எழுப்பினாள். அனந்தநாராயணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இத்தன நாளு?" என்றார் முதலாளி.

"சீசன்ல வந்துட்டு..." என்று இழுத்தார் என்ஜினீயர்.

"இன்னைக்கே ரூமைக் காலி பண்ணும்."

மேனேஜருக்குக் கோபமெல்லாம் உலகம்மை மேல் திரும்பியது. "ஏட்டி, விருந்தாளியை இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? அண்ணாச்சி, டெர்மினல் எரியுது, சரி. ஆனா இந்த வாய்த்துடுக்கு மில்லுக்கு ஆகாது. வேற ஆளப் பாத்துக்கிடலாம்."

முதலாளி அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "சாயங்காலம் வந்து சொல்லுதேன்," என்றார். வெளியே போகும்போது டிரைவரிடம் அவர் கேட்டது உலகம்மைக்கும் கேட்டது.

"கிதிரு, அந்தக் குற்றாலிங்கம் நல்லாப் பிடிக்கானாமே. எந்தக் கல்லு?"

இவரும் அந்தக் கல்லில்தான் கிடந்து, அவள் வேலையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்.

சாயங்காலம் அதே வாடை முதலில் வந்தது. செல்லச்சாமி முகம் பளபளக்க, காது மடலில் எண்ணெயோடு உள்ளே வந்தார். பின்னாலேயே மேனேஜர்.

"என் பேரு ஏறிட்டுன்னியே. நானே அடிச்சுப் பாக்கேன்," என்று நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

உலகம்மை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் முன்னால் ஒரு பிடி கழிவுப் பஞ்சை வைத்தாள்.

"கையத் தொடச்சிட்டுத் தொடுங்க அண்ணாச்சி."

மேனேஜர் சிவசைலத்துக்கு "ஏட்டி!" என்ற சொல் பாதியில் சிக்கியது.

முதலாளி நீட்டிய கையைப் பார்த்தார். புறங்கையை, உள்ளங்கையை, நக இடுக்கை. பிறகு பஞ்சை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாயிற்று.

"சிவசைலம், இந்தப் பெட்டிக்கு இவதான் பொறுப்பு. ஆர்டர் அடிச்சு வையும். ரூட்டு கீட்டு எல்லாம் இவகிட்டயே இருக்கட்டும்."

துடைத்த பஞ்சை அவர் மேஜை மேலேயே போட்டார். அதைக் குப்பைக் கூடையில் போடக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. உலகம்மை நகநுனியால் கிள்ளி எடுத்துக் கூடையில் போட்டாள். பிறகு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.