அலமாரியில் விரித்த சூரியன்

தமயந்தி அந்தப் பன்னிரண்டு தாள்களைக் கழித்தது சோம்பலால் அல்ல. அறுபதுகளில் ஒரு செயற்கைக்கோள் சூரியனின் எக்ஸ்-ரே கதிர்களை எண்ணி அனுப்பிய கணக்கைப் பழைய தாள்களிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அந்தத் தாள்களில் வெறும் பூஜ்யங்கள். எண்ணும் கருவி செத்துவிட்டது என்று நினைத்தாள். தாள் கெட்டியாக இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை அலமாரியில் விரித்தாள். ஆபீசில் எல்லோரும் செய்வதுதான்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கேயாதி அந்தத் தாள்களைக் கேட்டார். திங்கட்கிழமை வேண்டுமாம். மாதக் கடைசியில் முடியும் தமயந்தியின் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

லேக் கார்டன்ஸ் வீட்டில் அவள் கணவன் ஜெய்ராம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஹவுரா பட்டறையில் ஃபிட்டர்.

"என்னங்க, அந்தக் கருவி சாகலையாம்."

"எது?"

"சூரியன எண்ணினதுதான். சூரியன் பொங்கினதுல கதிர் மேல கதிரா வந்து விழுந்துச்சாம். எண்ண முடியாம வாயடைச்சுப் போச்சாம். எப்ப அடங்குச்சு, எப்ப மீண்டுச்சுன்னுதான் அவங்களுக்கு வேணும். நான் அதுமேல மொளகாத்தூள் டப்பாவ வச்சிருக்கேன்."

"சூரியனுக்கே தாளிச்சுட்ட, போ."

"வேல போகப்போவுது, உங்களுக்கு இளிப்பு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஸ்டூலில் ஏறி டப்பாக்களை இறக்கினான். அடியில் தாள் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதில் அவள் தனக்கு ரொட்டி சுற்றிக் கொடுத்தது அவனுக்குத்தான் நினைவு வந்தது. சனிக்கிழமை விடுமுறை நாள். இருந்தும் படகேறிப் பட்டறைக்குப் போய்த் தன் லாக்கரிலிருந்து எடுத்து வந்தான். எண்ணெய் ஊறியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கடைசி வரில மூணுன்னு இருக்கே. நீ பாக்கலயா?"

அவள் பார்க்கவில்லை. மேல் பாதியைப் பார்த்ததோடு விட்டிருந்தாள். கருவி மீண்ட நிமிடம் அது.

"அலமாரியில விரிச்சதச் சொல்லாம டைப் அடிச்சுடலாமா?"

"உன் இஷ்டம்" என்றான். குரலில் குத்தல் இல்லை.

திங்கட்கிழமை அவள் சொல்லிவிட்டாள். கேயாதி திட்டினார், கதவு திறந்திருந்தது, மாடி முழுக்கக் கேட்டது. ஆபீசில் கழித்துக் குவித்திருந்த மற்ற தாள்களையெல்லாம் திரும்பப் பார்க்கச் சொன்னார். அதற்கு ஆறு மாதம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டு, ஆறு மாத நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மழை. ஜெய்ராம் குடையோடு நின்றான்.

"லீவா?"

"வேல போயிருந்தா அழுவியேன்னு வந்தேன்."

"யாரு, நானா?"

 அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான். அவன் தோள் நனைந்தது.