வயர் எட்டும் தூரம்

என் வீட்டுக்காரர் ஒரு போன் வாங்கினால் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் போன் மாறும். புதுசு அவருக்கு. அவர் வைத்திருந்தது எனக்கு. நான் வைத்திருந்தது என் மாமியாருக்கு. கல்யாணமாகி வாடிப்பட்டிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வரிசை. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் யாரும் மீறினதும் இல்லை.

அழகுபாண்டியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணீர் மோட்டார் விற்கிற கடை வைத்திருக்கிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே கிறுக்கு போன்தான். புது மாடல் வரப்போகிறது என்றால் மனிதர் ஒரு மாதம் முன்பிருந்தே நம்மோடு இருக்க மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே வீடியோ பார்ப்பார். குழம்பு ஊற்றினேனா ரசம் ஊற்றினேனா என்று கேட்டால் விழிப்பார். அந்தக் கிறுக்குதான் எங்களுக்குப் படியளந்துகொண்டிருந்தது. அவருக்கு ஆசை வந்தால்தான் எனக்கும் மாமியாருக்கும் போன் வரும்.

எனக்கு வந்து சேர்ந்த போன்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒன்றுக்கு மூலையில் விரிசல். இன்னொன்றில் சார்ஜர் ஊசியைச் சாய்த்துப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். எதைத் திறந்தாலும் முதலில் அவர் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கும். கண்ணாடி மேலே ஒட்டி வருகிற தாளை நகத்தால் கிளப்பி உரிப்பார்களே, அதை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

இந்தத் தடவை எனக்கு அவசரம். நான் கணக்கில் பி.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். முடித்தவள். ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். இவர் முதலில் "பாப்போம்" என்றார். பிறகு "நீ போயிட்டா வீட்டை யாரு பாக்குறது?" என்ற கேள்வியில் அது முடிந்துபோனது. அதற்குப் பிறகு எனக்கு நாலு சுவர், ஒரு வாசல். வாசலைத் தாண்டினால் மளிகைக் கடை. அதையும் தாண்டினால் "எங்க போயிட்டு வர்ற?" சில மத்தியான வேளைகளில் மூச்சு முட்டும். கொடியில் காய்ந்த துணியையே மறுபடி நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன், கைக்கு வேலை வேண்டுமே என்று.

அப்படி இருக்கும்போதுதான் போனிலேயே வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற வேலை ஒன்று கண்ணில் பட்டது. வீட்டை விட்டு நகர வேண்டாம் என்பதால் அவரும் "சரி, பாரு" என்றார். விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டுப் பேசினார்கள், பிடித்துப்போனது. கடைசியாக ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அவர்களுடைய ஆப்பில்தான் எடுக்க வேண்டும்.

என் போனில் அந்த ஆப் இறங்க மறுத்தது. அதற்கு அப்டேட் வருவது நின்று வெகு காலமாயிற்று. பாட்டரி உப்பி, மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். அவரிடம் காட்டினேன்.

"அதுக்கென்ன, நான் புதுசு வாங்கினதும் இது ஒனக்குத்தான?" என்றார். புது மாடல் அந்த வாரமே கடைக்கு வருவதாக இருந்தது.

மாமியார் முருகம்மாளுக்கும் அவசரம். அவர் போனில் சத்தம் செத்துவிட்டது. சீரியலை ஊமைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா மீனா, அவன் எப்பத்தான் வாங்குறானாம்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார். மற்ற விஷயங்களில் எங்களுக்குள் ஒத்துப்போனது குறைவு. போன் விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போனுக்கு அப்டேட் வந்தது. வழக்கமாகப் புது மாடல் வந்து சில மாதம் போன பிறகுதான் பழசுக்கு வருமாம். இந்த முறை முந்திக்கொண்டது. அவர் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்.

"அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிரும். குடுக்கப் போற போனுதான, கெடக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கப் போவது எனக்கு. புது அப்டேட் இருந்தால் ஆப் இன்னும் நன்றாக ஓடும். வருகிற பொருள் நல்லபடி வரட்டுமே என்று ஒரு பேராசை. "நான்தான வச்சுக்கப் போறேன், குடுங்க" என்று அவர் கையிலிருந்து வாங்கி நானே அமுக்கினேன்.

மறுநாள் காலை கூடத்திலிருந்து சத்தம். "ஏய் மீனா, இங்க வா. புதுப் போன்ல என்னென்ன வருதுன்னு வீடியோல சொன்னானோ அம்புட்டும் இதுலயே வந்துருச்சு."

திருவிழாவில் எடுத்த படத்தைத் திறந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை விரலால் தடவினார். கூட்டம் காணாமல் போனது. அவர் பேசப்பேச அது தமிழில் எழுதியது. குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "பின்ன எதுக்குப் புதுசு?"

என் விரலாலேயே என் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆனாலும் கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை திரும்பிவிடும் என்று நம்பினேன். சனிக்கிழமை மத்தியானம், "சும்மா பாத்துட்டு வருவோம்" என்று அவரை வண்டியில் கிளப்பினேன். சமயநல்லூர் தாண்டும்போது மனசுக்குள் திட்டம் போட்டேன். ஐந்து மணிக்குள் அவர் புதுசு வாங்குவார். பழசு என் கைக்கு வரும். கடையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வகுப்பை எடுத்துவிடலாம்.

மதுரை பைபாஸ் ரோட்டில் பெரிய போன் கடை. மேல் மாடியில் நீள மேசையில் போன்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு வயரால் மேசையோடு கட்டியிருந்தார்கள். விற்கிற பெண்ணின் சட்டையில் திவ்யா என்று பெயர் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இவர் தன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கு" என்றார். அடுத்தது காட்டினாள். "அதுவும் இருக்கு."

அந்தப் பெண் வியர்த்துவிட்டாள். "கலர் புதுசு சார்" என்றாள்.

"உறையைப் போட்டா கலரு யாருக்குத் தெரியும்?" என்றவர், அதோடு விடவில்லை. "ஆமா, என் போனுக்கு இன்னும் ஆறு வருசத்துக்கு அப்டேட் உண்டுன்னு கம்பெனியே சொல்லிருக்குல்ல?"

"ஆமா சார்" என்றாள் அவள், சுரத்தில்லாமல்.

"அப்ப ஆறு வருசத்துக்குக் கவலை இல்ல" என்று என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அது கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தது போல் கேட்டது. ஆறு வருஷம் கழித்து என் பி.எட். சான்றிதழைக் கரையான்கூடத் திரும்பிப் பார்க்காது.

"அப்ப எனக்கு ஒண்ணு வாங்குவோம்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு? வீட்லதான இருக்க. வேணுங்கிறப்ப என் போனை எடுத்துக்க."

"இன்னைக்கு ஆறு மணிக்கு வேணும். சொன்னேன்ல."

"இன்னைக்கா? இதுல சார்ஜே இல்ல மீனா. அப்டேட் போட்டதுலேருந்து குடியா குடிக்குது. கீழ ராம்கி வேற வந்து நிக்கிறான். ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன், நீ ஏசில உக்காரு." சிநேகிதனைப் பார்க்கப் படியிறங்கிப் போய்விட்டார். போன் அவர் சட்டைப் பையில் போனது.

மணி ஆறாகப் போகிறது. என் கையில் ரப்பர் பேண்டு போட்ட போன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் கண் நிறைந்துவிட்டது.

"என்னக்கா?" என்றாள் திவ்யா. சொன்னேன். அவள் மேனேஜர் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "இதுலயே எடுங்கக்கா. கடை வைஃபை இருக்கு. போன் வாங்க வந்த ஆளு மாதிரி நின்னுக்கங்க" என்று அந்தப் புது போனில் ஆப்பை இறக்கிக் கொடுத்தாள்.

வயர் ஒரு முழம்கூட இல்லை. நிமிர்ந்து பிடித்தால் எட்டவில்லை. மேசை மேல் குனிந்து, கழுத்தை மடக்கி நின்றேன். திரையில் துபாயிலிருந்து ஒரு சின்னப் பெண்ணும், சென்னையிலிருந்து என்னைச் சோதிக்கிற அம்மாவும் வந்தார்கள். பின்னம் சொல்லித் தரச் சொன்னார்கள். கையில் பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை. போனைத் திருப்பி மேசையைக் காட்டினேன்.

"இங்க எத்தனை போன் இருக்கு, எண்ணு பார்ப்போம்."

"எட்டு மிஸ்."

"அதுல நீலம்?"

"ரெண்டு."

"அப்ப எட்டுல ரெண்டு. இதையே நாலு ஜோடியா நிறுத்தினா, நீலம் எத்தனை ஜோடி?"

அந்தப் பெண் யோசித்தாள். "ஒண்ணு. நாலுல ஒண்ணு!" என்று கத்தினாள். கழுத்து வலியும் வயரும் மறந்து போயின. நான் டீச்சர். வேறு எதுவாகவும் இருக்க நான் படிக்கவில்லை.

முடிந்ததும் சென்னை அம்மா, "ரொம்ப நல்லா எடுத்தீங்க. திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஆறு மணி. படமும் தெளிவா இருக்கு, இதே போன்லயே வாங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன்.

திரும்பினால் பின்னால் அழகுபாண்டி நிற்கிறார். பாதியிலேயே வந்திருக்க வேண்டும். "இம்புட்டு நல்லாச் சொல்லித் தருவியா நீ?" என்றார். கண்ணில் நிஜமான பெருமை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"சரி வா, இருட்டுறதுக்குள்ள போயிருவோம். திங்கக்கிழமை என் போனைத் தாரேன்."

"ஆறு மணிக்கு நீங்க கடையில இருப்பீங்க."

"அப்ப... பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட வேலையும் இந்த வார்த்தையில்தான் முதலில் விழுந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர் என் கையைத் தொட்டு நகரச் சொன்னார். நான் போனோடு பின்னால் ஒரு எட்டு வைத்தேன். வயர் விறைத்தது. மேசைக்கு அடியில் அலாரம் அலறியது. மாடி முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"வை அதை" என்றார் பல்லுக்குள்ளேயே.

"எனக்கு இது வேணும்."

"எல்லாரும் பாக்குறாக மீனா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுக்குப் போனா பேச மாட்டோம்."

"இதுல என்னதான் புதுசா இருக்குன்னு கேக்குற? அம்புட்டும் என் போன்லயே இருக்கு."

"இது நீங்க வச்சுக் கழிச்சதில்ல. எனக்கு அதுதாங்க புதுசு."

திவ்யா அலாரச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். முகத்துக்கு நேரே காட்டித் திறந்தார். பணம் கட்டவா, என்னைச் சமாதானம் பண்ணக் கீழே நிற்கிற ராம்கியைக் கூப்பிடவா, எனக்குத் தெரியவில்லை. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. வயர் எட்டும் தூரத்தில் நான் நின்றேன். போனைக் கீழே வைக்கவில்லை.