பேராசான் போன வழி

"அகில உலகத் திருஅவைக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்! இறையியல் இமயம், வரலாற்றுக் கடல், ரோமாபுரியில் முனைவர் பட்டம் வென்ற நம் மண்ணின் மாணிக்கம், அருள்முனைவர் சவுரிராயன் அடிகளார் இன்று மாலை நம்மிடமிருந்து விடைபெறுகிறார்!"

ஒலிபெருக்கி இப்படி முழங்கிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குள் இமயத்தின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. தங்கை ஆரோக்கியசெல்வி முந்தானையால் விரட்டினாள். அது கடலின் நெற்றிக்குப் போய் உட்கார்ந்தது.

முழங்கியவர் ஆரோக்கியராஜ். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பங்குப் பேரவைத் துணைத்தலைவர், ஊர்த்தெருக்காரர். செல்வியை இத்தனை வருஷமாக "இன்னாம்மே" என்று கூப்பிட்டவர், காலையிலிருந்து "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். காலனிக்காரிக்கு மரியாதை கிடைக்க வீட்டில் ஒரு முனைவர் சாக வேண்டியிருக்கிறது என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை அம்மா பக்கத்துல வையி. தேரடித் தெரு வழியா எடுத்துக்கினு போ."

"உடுவானுங்களாண்ணே?"

"என் புக்குக்குப் பொன்னாடை போட்டானுங்களே. உடாம எங்க போவானுங்க?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

அம்மா செத்தபோது அவர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார்; சாவுக்கு ஊருக்கு வந்திருந்தார். செல்வி பாவாடை கட்டிய பெண். தேரடித் தெரு முனையில் கம்போடு நின்ற ஊர்த்தெருக்காரர்கள், காலனிப் பிணத்துக்கு இந்த வழி இல்லை என்று பெட்டியைத் திருப்பி வாய்க்கால் பக்கம் விட்டார்கள். சேற்றில் தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்து, உள்ளே அம்மாவின் தலை மரத்தில் இடித்த சத்தம் செல்விக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே பங்குச் சாமியாரிடம் போய் ஏன் என்று கேட்டார். "அது வழக்கம் தம்பி. அதுக்கு ஒரு வரலாறு இருக்கு" என்றார் சாமியார்.

சரி, அந்த வரலாறு எது என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பியவர்தான். லத்தீன் படித்தார், பிரெஞ்சு படித்தார், ரோமாபுரி வரை போய்ப் பழைய சாமியார்கள் எழுதி வைத்ததையெல்லாம் கிளறினார். அந்த வழக்கத்தைக் கடவுள் சொன்னதாகவோ திருச்சபை சொன்னதாகவோ எங்கும் அகப்படவில்லை என்று தலையணை பருமனில் ஒரு புத்தகம் போட்டார். ஊரே கூடி வெளியிட்டது. புத்தகத்தின் கனத்தைப் பற்றி எல்லோரும் உயர்வாகப் பேசினார்கள்.

பூசை முடிந்தது. பெட்டியைத் தூம்பாவில் ஏற்றினார்கள். சாவுக்கென்று கோயிலில் வைத்திருக்கும் பல்லக்கு அது. முன்பக்கம் தோள் கொடுத்தவன் துரைக்கண்ணு, செல்விக்குப் பெரியப்பா மகன்.

"படிச்சவன் கனமாத்தான் இருக்கான்" என்றான். "நானெல்லாம் பூ மாதிரி இருப்பேன், பாரு."

வாசலைத் தாண்டியதும் செல்வி நின்றுவிட்டாள். எதிரே தேரடித் தெருவைக் காணோம். இந்த வீட்டுச் சுவரிலிருந்து அந்த வீட்டுச் சுவர் வரை மேடை. பின்னால் தெருவை முழுக்க மறைத்து ஒரு பிளெக்ஸ். அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். 'சமத்துவப் போராளிக்குப் புகழஞ்சலி.'

"இன்னா சார் இது?"

"இரங்கல் கூட்டம்மா. பெட்டிய முன்னாடி எறக்கி வெச்சிட்டா, பெரியவங்க பேசி முடிச்சிடுவாங்க. அப்பறம் நீங்க அப்பிடியே வாய்க்கா பக்கமா…"

"வாய்க்கா பக்கமா?"

"தெருவுலதான் மேடை கீதேம்மா."

"தெருவுல யாரு போடச் சொன்னது?"

"அட, இந்தத் தெருவுக்காகவே வாழ்ந்த மனுசன். நடுத்தெருவுல வெச்சி மரியாதை பண்ணாம, மூலையிலயா பண்றது?" குரலைத் தாழ்த்தினார். "வாய்க்காக் கரை இப்ப சிமெண்ட் போட்டாச்சும்மா. முன்ன மாதிரி சேறு இல்ல."

செல்விக்குக் காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. மரத்தில் தலை இடிக்கிற சத்தம்.

"மேடையப் பிரிங்க."

"பந்தல்காரன் திண்டிவனம் போயிட்டான். பேஜாரு பண்ணாதம்மே, பெரிய சாமியாருங்க உக்காந்துக்கினு கீறாங்க!"

வாங்க, போங்க எல்லாம் அத்தோடு முடிந்தது. செல்விக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

"தங்கச்சி, தோளு எரியுது" என்றான் துரைக்கண்ணு. "எந்தப் பக்கம்? ஜல்தியா சொல்லு."

"நேரா."

"நேரா மேடை."

"படி இருக்குதில்ல? ஏறு."

துரைக்கண்ணு ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். ஏறினான். பின்னாலேயே தூம்பாவும் ஏறியது. மேடையிலிருந்த பெரியவர்கள் நிகழ்ச்சி நிரலில் இதுவும் உண்டு போல என்று மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆரோக்கியராஜ் கையில் மைக் இருந்தது. நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது: "இதோ, அடிகளார் மேடையை அலங்கரிக்க வருகிறார்…" மறைமாவட்ட முதன்மைக் குரு தன் நாற்காலியைத் தானே நகர்த்தி வழிவிட்டார்.

பிளெக்ஸ் குறுக்கே நின்றது. காற்றுக்காகப் பிறை பிறையாக வெட்டிவிட்டிருந்த ஓட்டை ஒன்றில் செல்வி கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது மோவாயிலிருந்து நெற்றி வரை கிழிந்தது. அந்தப் பக்கம் படி இல்லை. காலனிப் பையன்கள் வீடுகளின் பின்புறமாக ஓடி வந்து கை நீட்டினார்கள். சவுரிராயன் தன் சிரிப்பின் வழியாகவே தேரடித் தெருவில் இறங்கினார்.

சில கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு பெண் சிலுவை போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று அக்கம் பக்கம் பார்த்தாள். செல்வி தெருக்கோடி வரை பெட்டியை ஒட்டியே, காதை அதன் பக்கம் சாய்த்தபடி நடந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த மாதப் பங்கு மலரில் ஆரோக்கியராஜ், 'ஊர் மக்கள் அடிகளாரைத் தேரடித் தெரு வழியே பெருமையுடன் வழியனுப்பினர்' என்று எழுதினார்.

தை பிறந்ததும் துரைக்கண்ணு செத்தான். வாய்க்கால் வழியாகத்தான் எடுத்துப்போனார்கள்.