சனிக்கிழமை டோஃபு

மலேசியாவிலிருந்து ரமணா திரும்பி வந்து நாற்பது நாளாகியும் தேன்மொழிக்கு மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. ஆறு வருஷம் கழித்துப் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறான். திருப்பதியில் அவர்கள் இருந்தது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைதான் என்றாலும், மூலையில் நின்ற ஃபிரிட்ஜும், மகள் கீர்த்தி படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் அவன் அனுப்பிய பணத்தில் வந்தவை. ஆனால் அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று யார் கேட்டாலும், "ஸ்டோர்ல" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தப் போன். சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் காதில் வைத்துக் கேட்பான். அவள் வந்தால் அணைத்துவிடுவான். ஒரு நாள் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது அந்தக் குரல் அவள் காதிலும் விழுந்துவிட்டது. "ரமணா, சாப்டாச்சா?" என்றது ஒரு பெண் குரல். தமிழ்தான். ஆனால் தமிழச்சி பேசும் தமிழ் இல்லை.

நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? விஜயபுரத்தில் இருக்கும் மாமனார் வெங்கடசாமிக்குத் தெரிந்தால் அவர் நொறுங்கிப் போவார். தேன்மொழி வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. அவள் பில் போடும் சூப்பர் மார்க்கெட்டில் காலையிலிருந்து யாத்திரைக் கூட்டம். கிளம்பும்போது, தேதி முடியப்போகும் சரக்கை அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாதி விலையில் கொடுத்தார்கள். பன்னீர் எல்லாம் முன்னமே போய்விட்டது. மிஞ்சியது சோயாப் பாலில் செய்த டோஃபு ஒரு பாக்கெட்டும் ஒரு சின்ன சோயா சாஸ் பாட்டிலும். எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் நுழைந்ததுமே கீர்த்தி, "பசிக்குதும்மா" என்றாள். காலையில் வடித்த சோறு இருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. புரட்டாசி, முட்டை உடைக்கவும் வழியில்லை. டோஃபுவை மேடைமேல் வைத்துவிட்டு, இதை என்ன செய்வது என்று பார்த்தாள். போன மாசம் பன்னீர் மாதிரி நினைத்துத் தக்காளிக் குழம்பில் போட்டதும் தூள்தூளாகிவிட்டது. "சாக்பீஸ் மாதிரி கீது" என்று கீர்த்தி தட்டைத் தள்ளிவிட்டாள்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது ரமணா அடுப்படியில் நின்றிருந்தான். வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், டோஃபுவைத் துண்டில் சுற்றி, அதன்மேல் தண்ணீர்ச் சொம்பை ஏற்றி வைத்திருந்தான்.

"இன்னா பண்றே?"

"தண்ணி எறங்கணும். இல்லன்னா எண்ணெய்ல ஒடஞ்சிடும்."

பூண்டையும் இஞ்சியையும் கத்தியின் பக்கவாட்டால் ஒரே தட்டில் நசுக்கினான். வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் அவள் கண்ணிமைக்குமுன் பொடியாகின. டோஃபுவைச் சதுரமாக வெட்டி, உப்பும் சோளமாவும் தூவினான். இரும்புச் சட்டி புகையும்வரை காத்திருந்து, இரண்டு கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தான். கரண்டியால் கிளறவே இல்லை. அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டி, ஓரமாக ஒதுக்கி, பூண்டையும் மிளகாயையும் போட்டான். சோயா சாஸைச் சட்டியின் விளிம்பில் ஊற்றினான். சுர்ரென்ற சத்தத்தோடு வாசனை அறை முழுக்கப் பரவியது. ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் சோளமாவுக் கரைசல். சட்டியைத் துணியால் பிடித்து இரண்டு முறை எகிறவிட்டான். ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. மொத்தமாகக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஸ்டோரில் வேலை பார்த்தவன் கை இல்லை இது.

"யார்கிட்ட கத்துக்கினே?"

"போன்ல பேசறாங்களே, அவங்ககிட்ட."

தேன்மொழி அவன் எதிரில் வந்து நின்றாள். "யாருய்யா அவ?"

ரமணா அடுப்பை அணைத்தான். சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஏஜெண்டு சேர்த்துவிட்ட ஸ்டோர் நாலாம் மாசமே மூடிவிட்டது. ஈப்போ ஊரில் கையில் பையோடு நின்றவனை, சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மே லிங் என்ற சீனத்து அம்மா உள்ளே கூப்பிட்டார். அறுபத்தைந்து வயசு. அலைந்து திரிந்து வேலை பெர்மிட் பேப்பரையும் அவரே சரிசெய்து கொடுத்தார்.

"ரெண்டு வருஷம் தட்டு கழுவனேன். அப்பறம்தான் அடுப்பு. பன்னிக்கறி, அது இதுன்னு எல்லாத்தையும் தொட்டேன்."

"அத ஏன் மறைச்சே?"

"எங்க நைனா, ஊர்க் கல்யாணத்துல எச்சி எல எடுத்தவரு. நான் கெளம்பறப்போ இன்னா சொன்னாரு? இனிமே நம்மாளு யாரும் எச்சில்ல கை வெக்கக் கூடாதுன்னாரு. எந்த மூஞ்ச வெச்சுக்கினு சொல்றது?"

தேன்மொழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதுக்கா? நான் இன்னா நெனச்சுக்கினு இருந்தேன் தெரியுமா?"

அவள் தன் சந்தேகத்தைச் சொன்னாள். அவன் அவசரமாகப் போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். தலை முழுக்க நரைத்த குட்டையான அம்மா ஒருவர், கரண்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். கூடவே அவர் பேசி அனுப்பிய குரல் பதிவையும் ஓடவிட்டான். "ரமணா, ஊர்ல சாப்பாட்டுக் கடை போட்டாச்சா? பாப்பா நல்லமா?"

"உங்கப்பாக்கு நீயே சொல்லு. இப்பவே" என்று தேன்மொழி விஜயபுரத்துக்குப் போனைப் போட்டு அவன் கையில் திணித்தாள். அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். தேன்மொழியும் போனில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மா உனக்கு வயிறாரச் சோறு போட்டாங்களாடா?" என்றார் வெங்கடசாமி.

"போட்டாங்க நைனா. அவங்க துன்றதுக்கு முன்ன எனக்குப் போட்டாங்க."

"அப்பறம் இன்னா? நான் கும்புட்டேன்னு அவங்களுக்குச் சொல்லு."

ரமணா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேன்மொழிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், கீர்த்தி சட்டியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். நாலே நாலு துண்டு மிச்சம்.

"எங்களுக்கு வைடீ!" என்று தேன்மொழி சட்டியைப் பிடுங்கினாள். ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.